மண்ணுக்குள் வைத்த தாலந்து



இயேசு சொன்ன தாலந்துகளின் உவமை எம்மில் பலருக்கு ஞாயிறு பாடசாலைக் காலத்திலிருந்தே தெரிந்த கதை. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் அது வருகிறது. தூர தேசம் போகப் புறப்பட்ட எஜமான் ஒருவன் தன் ஊழியர் மூவரிடம் பணத்தை ஒப்படைக்கிறான். ஒருவனுக்கு ஐந்து தாலந்து, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு ஒன்று. முதல் இருவரும் அதைக்கொண்டு தொழில் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் நிலத்தைத் தோண்டித் தன்னுடையதைப் புதைத்துவிடுகிறான். எஜமான் திரும்பி வந்தபோது முதல் இருவருக்கும் பாராட்டு. மூன்றாமவனுக்குக் கண்டனமும் தண்டனையும்.

பிரசங்கங்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே பாடம்தான் சொல்லப்படும். கடவுள் தந்த திறமையைப் பயன்படுத்த வேண்டும், அல்லாவிட்டால் உள்ளதும் போய்விடும் என்பதே அது. திறமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்கூட இந்தத் தாலந்து என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். பாடத்தில் பிழையில்லை. ஆனாலும் போருக்குள் வாழ்ந்து வந்த பெண்களின் காதில் இந்தக் கதை வேறு மாதிரி விழுகிறது. ஏனென்றால், நாங்கள் உண்மையிலேயே நிலத்தைத் தோண்டிப் புதைத்தவர்கள்.

2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் வன்னியில் ஊர் ஊராகச் சனம் எழும்பியது. தூக்கிக்கொண்டு போக முடியாதவற்றை எல்லாம் வளவுக்குள் கிடங்கு வெட்டித் தாட்டோம். பித்தளைக் குடம், அண்டா, தையல் மெசின், பொலித்தீனில் சுற்றிய படங்கள் என்று எத்தனையோ. சோம்பலில் செய்த காரியம் அல்ல அது. உயிர்ப்பயம் ஒருபக்கம், பிறகு வந்து எடுக்கலாம் என்ற நம்பிக்கை மறுபக்கம். அப்படியானால் அந்த மூன்றாமவனோடு சேர்த்து எங்களையும் ஆண்டவர் வெளியே தள்ளிவிடுவாரா? வேதபாட வகுப்பு ஒன்றில், கணவரையும் மூத்த மகனையும் இழந்த ஒரு சகோதரி இந்தக் கேள்வியைக் கேட்டார். வகுப்பில் எவரும் உடனே பதில் சொல்லவில்லை. அன்று முதல் நானும் அந்தக் கேள்வியோடு இந்த உவமையைத் திரும்பத் திரும்ப வாசித்து வருகிறேன்.

புதைத்தது பிழையா?

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். தாலந்து என்பது ஒரு நாணயம் அல்ல, ஒரு நிறை. இயேசுவின் காலத்தில் ஒரு தாலந்து வெள்ளி ஏறக்குறைய 6000 தெனாரிக் காசுகளுக்குச் சமம். ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் ஒரு தெனாரி. அப்படியானால் ஒரு தாலந்து என்பது ஒரு கூலியாள் ஏறத்தாழ 20 வருடம் உழைத்துப் பெறும் பணம். 'ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது' என்று நாம் இரக்கப்படும் அந்த மூன்றாமவனின் கையில் இருந்ததும் சிறிய தொகை அல்ல. எனக்கு என்ன திறமை இருக்கிறது, ஏதோ கொஞ்சம் தைப்பேன், கொஞ்சம் சமைப்பேன் என்று சொல்லும் பெண்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும். கடவுளின் கணக்கில் ஒன்று என்பதே பெரிய தொகை.

அடுத்தது, புதைத்த காரியம். அக்கால யூதர்களிடையே பிறர் பணத்தைக் காப்பாற்ற அதை மண்ணில் புதைப்பது பாதுகாப்பான வழியாகவே எண்ணப்பட்டது. வங்கியும் பெட்டகமும் இல்லாத சாதாரண சனத்துக்கு மண்தான் காவல். எனவே குழி தோண்டியதற்காக மட்டும் அவன் தண்டிக்கப்பட்டான் என்று நான் நினைக்கவில்லை. அவன் சொன்ன நியாயத்தைக் கவனியுங்கள். நீர் கடினமான மனிதர், விதைக்காத இடத்தில் அறுப்பவர், அதனால் பயந்தேன் என்று எஜமானின் முகத்துக்கு நேரே சொல்கிறான். 20 வருடச் சம்பளத்தை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனவரைத்தான் கொடுமைக்காரர் என்கிறான். எஜமான் திரும்பி வர வெகுகாலம் ஆனது என்றும் கதை சொல்கிறது. அவ்வளவு காலமும் அவன் மண்ணைக் கிளறிப் பார்க்கவில்லை.

எங்கள் பயம் அதுவல்ல. நாங்கள் பயந்தது செல்லுக்கும் குண்டுக்கும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. கடவுள் அதற்காக எவரையும் கண்டிக்கப்போவதில்லை. ஆனால் 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமும் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியவர்கள் அடையாளம் வைத்த இடங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். சிலருக்குப் பொருள் கிடைத்தது. பலருக்கு வெறும் கிடங்குதான் கிடைத்தது. ஆனால் கையில், குரலில், மனதில் தாட்டு வைத்த பொருள் ஒன்று இருக்கிறதே, அதைத் தோண்டிப் பார்த்தோமா? ஒரு காலத்தில் கோயிலில் பாடியவர் இப்போது வாய் திறப்பதில்லை. பிள்ளைகளுக்குப் படம் கீறிக் கதை சொன்னவர் பென்சிலைத் தொடுவதில்லை. 'எல்லாம் போனபிறகு இது என்னத்துக்கு' என்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

ஒரு மெசின் தலை

எங்கள் குடும்பம் கலஹாப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்தது. 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினோம். கொழுந்து பறித்த அம்மா அங்கே தோட்டக் கூலியாகவும், பின்பு தையல்காரியாகவும் ஆனார். பழைய சிங்கர் மெசின் ஒன்றைக் கடனுக்கு வாங்கி, பாடசாலைச் சட்டைகள் தைத்துத்தான் எங்கள் நால்வரையும் வளர்த்தார். அந்த மெசினில்தான் நானும் தைக்கப் பழகினேன்.

2008இல் எழும்பும்போது மெசினின் காலைத் தூக்க முடியவில்லை. தலையை மட்டும் கழற்றி, பொபின் கேஸ், ஊசிப் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து, எண்ணெய் பூசி, இரண்டு யூரியாப் பைகளில் சுற்றி, மாமரத்தடியில் தாட்டோம். "மண்ணு காக்கும்டி, வா போவோம்" என்றார் அம்மா. அந்தப் பயணத்தில் அம்மா எங்களோடு திரும்பி வரவில்லை.

2010இல் மீள்குடியேற்றத்தில் போனபோது வீடு இருக்கவில்லை, மாமரத்தின் அடிக்கட்டை இருந்தது. தோண்டினோம். தலை கிடைத்தது. கைச்சில்லு அசையவில்லை. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊற வைத்து, ஒரு மெசின்காரர் பழுது பார்த்துத் தந்த பிறகு ஊசி மேலும் கீழும் போனது. அதன்பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் நான் அதில் ஒரு தையல் போடவில்லை. உட்கார்ந்தால் அம்மாவின் நினைவுதான் வரும். இதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. துக்கத்துக்கும் ஒரு காலம் வேண்டும். பிறகு, பிழைப்புக்காகப் பிள்ளைகளோடு கண்டிக்கு உறவினர் வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை முதல் நற்கருணைக்குச் சட்டையில்லாமல் அழுதபோது மெசினைத் திறந்தேன். அன்று தைத்த அந்த வெள்ளைச் சட்டையைத்தான் என் முதல் காணிக்கை என்று சொல்வேன். அதற்கு முன் கோயில் உண்டியலில் நான் எவ்வளவோ போட்டிருக்கலாம். இதுதான் என் கையிலிருந்து போனது.

கல்லிலும் சுவரிலும் வைத்த காணிக்கை

கண்டியில் வாழ வந்தபிறகு, கைத்திறமை எப்படிக் காணிக்கையாகும் என்பதை ஓர் இடத்தில் கண்ணால் பார்த்தேன். அது கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம். கல்லூரி வளவுக்குள் இருப்பதால் வாசலில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

1920களில் தொடங்கிய அந்த ஆலயம் 1935இல் அர்ப்பணம் செய்யப்பட்டது. அதன் வரைபடத்தைத் தயாரித்தவர் கல்லூரியில் பணியாற்றிய அருட்திரு காஸ்ரர். அவர் பிரித்தானியர். தமது நாட்டுக் கோபுரத்தையும் வண்ணக் கண்ணாடி யன்னலையும் இங்கே கொண்டுவந்து வைக்க அவரால் முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல், இந்நாட்டின் பழைய மண்டபங்களைப்போல, செதுக்கிய கருங்கல் தூண்கள் நிரை நிரையாகக் கூரையைத் தாங்கும்படி அமைத்தார். பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. காற்றும் மழைச் சத்தமும் தடையில்லாமல் உள்ளே வரும். கல் கொத்தத் தெரிந்தவர்களின் கை அங்கே ஒவ்வொரு தூணிலும் தெரிகிறது. யாருடைய பெயரும் தூணில் இல்லை. இந்த மண்ணுக்குத் தெரிந்த வேலையையே கடவுளுக்குக் கொடுத்தார்கள். வேறு யாரோபோல ஆகிவிட்டுத்தான் கடவுளிடம் வரவேண்டும் என்றில்லை.

அந்த ஆலயச் சுவர்களில் ஓவியர் டேவிட் பெயின்டர் வரைந்த பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. 1900இல் பிறந்த அவருடைய தந்தை ஆங்கில மிசனரி, தாய் சிங்களப் பெண். அவர்கள் நுவரெலியாவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்தியவர்கள். திரித்துவக் கல்லூரியில் படித்த டேவிட், லண்டன் றோயல் அக்கடமியில் புலமைப்பரிசில் பெற்று ஓவியம் கற்றார். கற்றதைக் கொண்டுவந்து, தான் படித்த பாடசாலையின் சுவரில் வைத்தார். சிலுவையில் தொங்கும் இயேசு அங்கே வழமையான தாடியில்லாமல் இருக்கிறார். சீடரின் கால்களைக் கழுவும் காட்சியும் நல்ல சமாரியர் கதையும் உண்டு.

எம்மைப்போன்ற தாய்மாரை நிறுத்தி வைப்பது இன்னொரு ஓவியம். செபதேயுவின் மனைவி, தன் பிள்ளைகள் இருவருக்கும் உமது அரசில் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் தாரும் என்று கேட்க, நான் குடிக்கும் கிண்ணத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்று இயேசு திருப்பிக் கேட்ட சம்பவம் அது. பிள்ளைகளுக்கு நல்ல இடம் கேட்காத தாய் உண்டா? அந்தக் கிண்ணம் எவ்வளவு கசக்கும் என்பது எம்மில் பலருக்குத் தெரியும். டேவிட் பெயின்டர் 1975இல் காலமானார். அந்தச் சுவர் இன்றும் அந்தத் தாயின் கேள்வியை எமக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கஞ்சி காய்ச்சுவதும் தாலந்துதான்

'ஓவியரும் சிற்பிகளும் பெரிய ஆட்கள், எங்களுக்கு அடுப்படிதானே தெரியும்' என்று சொல்லும் சகோதரிகளுக்குக் கண்டியின் இன்னொரு கதையைச் சொல்கிறேன்.

கோவாவில் 1651இல் பிறந்த புனித யோசப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். அந்தச் சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். தமிழும் அறிந்தவர். முகாம் வாழ்க்கையில் காவலுக்கு நின்றவர்களிடம் பேசிப் பேசியே சிங்களம் பழகிய பெண்களை எனக்குத் தெரியும். இன்று அவர்கள் மற்றவர்களுக்காக ஆஸ்பத்திரியிலும் கச்சேரியிலும் மொழிபெயர்க்கிறார்கள். அதுவும் ஒரு தாலந்துதான். அது கிடைத்த இடம்தான் கசப்பானது.

1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. அரசனும் வசதியுள்ளவர்களும் நகரை விட்டுப் போனார்கள். நோயாளரை உறவினரே கைவிட்டார்கள். யோசப் வாஸ் அடிகளாரும் அவரது மருமகனான யோசப் கர்வாலியோ அடிகளாரும் போகவில்லை. கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச் சேர்த்து, உணவு கொடுத்து, புண் கழுவி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். அவர்களிடம் பெரிய மருந்து எதுவும் இருக்கவில்லை. நோயாளியைச் சுத்தமாக வைத்திருப்பது, சாப்பாடு ஊட்டுவது, பக்கத்தில் இருப்பது, இவைதான் அன்று அவர்கள் செய்த ஊழியம். இந்த வேலை தெரியாத பெண் எம்மில் யார்? 1711இல் கண்டியில் இறந்த அவரை, 2015 ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

அவரோடு பணியாற்ற 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். அவரிடம் இருந்தது மொழித்திறன். கொங்கணி பேசும் கோவாக்காரரான அவர் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். தவக்காலத்தில் எமது கத்தோலிக்கக் கோயில்களில் ஒலிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதுதான். ஒருவருக்கு நோயாளரைப் பராமரிக்கும் கை, மற்றவருக்கு எழுதும் கை. ஒருவர் மற்றவராக முயலவில்லை. இருவரும் தம்மிடம் இருந்ததையே கொடுத்தார்கள்.

விதவைகள் காட்டிய அங்கிகள்

அப்போஸ்தலர் பணிகள் நூலின் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் வருகிறாள். அவள் பிரசங்கம் செய்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. ஏழைகளுக்கு உதவினாள், துணி தைத்தாள். அவள் இறந்தபோது, பேதுரு வந்ததும் விதவைகள் எல்லோரும் அழுதுகொண்டே அவள் தங்களுக்குச் செய்து தந்த அங்கிகளையும் சட்டைகளையும் எடுத்துக் காட்டினார்கள். ஒரு பெண்ணுடைய விசுவாசத்துக்கு வேறு பெண்கள் கொடுத்த சாட்சி அந்தத் துணிகள்தான். கணவரை இழந்த பெண்கள், தங்களைக் கவனித்த இன்னொரு பெண்ணுக்காக நின்றார்கள். எங்கள் ஊர்களிலும் அப்படித்தானே நடக்கிறது.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காணிக்கை என்றால் கூலி வாங்காமல் செய்வது என்று சிலர் நினைக்கிறார்கள். ஒருமுறை நத்தார் நாடகத்துக்கு 20 உடுப்புகள் தைத்துத் தரச் சொன்னார்கள். துணியும் நூலும் என் செலவு. 'கடவுளுக்குத்தானே செய்கிறீர்கள் அக்கா' என்றார்கள். என் வீட்டில் அந்த மாதம் மின்சாரக் கட்டணம் கட்டக் காசில்லை. துணிக்குரிய பணத்தையும் பாதிக் கூலியையும் கேட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள். நான் வெட்கப்படவில்லை. உழைப்பவருக்குக் கூலி உரியது என்று சொன்னவர் இயேசுவே. நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் புகழப்படும் பெண் துணி நெய்து வியாபாரிகளுக்கு விற்கிறாள். பவுலின் செய்தியைக் கேட்டு வீட்டைத் திறந்த லீதியாள் இரத்தாம்பர வியாபாரம் செய்தவள். விலை வாங்கித் தைத்த சட்டையும் காணிக்கையாகலாம். தையல் விட்டுப்போகாமல், துணியைத் திருடாமல், சொன்ன நாளில், உடுப்பவரின் உடம்பை நினைத்துத் தைத்தால் அது காணிக்கை. இல்லாதவரிடம் விலையைக் குறைப்பதோ விடுவதோ நாம் மனமுவந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். அதை மற்றவர்கள் எம் தலையில் கட்டக்கூடாது.

பயிற்சிகளைப் பற்றியும் ஒன்று. போருக்குப்பின் எத்தனையோ சுயதொழில் வகுப்புகள் நடந்தன. சான்றிதழ்கள் பலருடைய பெட்டிக்குள் கிடக்கின்றன. எல்லோருக்கும் தையலும் கேக்கும் கற்பித்தார்கள். ஆனால் ஆண்டவர் எல்லோருக்கும் ஒரே தாலந்தைக் கொடுக்கவில்லை. கணக்கு நன்றாக வைக்கும் பெண் சிறுசேமிப்புக் குழுவுக்குத் தேவை. காணாமற்போன பிள்ளைக்காக அலையும் தாய்க்கு, படிவம் நிரப்பிக் கடிதம் எழுதித் தரும் ஒருவர் தேவை. ஒப்பாரி சொல்லத் தெரிந்த பாட்டி, செத்த வீட்டில் அழமுடியாமல் இறுகிப்போனவளை அழவைக்கிறார். குறுக்கே பேசாமல் ஒருவர் சொல்வதைக் கடைசிவரை கேட்கத் தெரிவது எல்லாவற்றிலும் அரிதான திறமை. இவற்றுக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் இவை இல்லாமல் எமது சனம் இத்தனை வருடம் எழுந்து நின்றிருக்க முடியாது.

இன்னும் தோண்ட முடியாதவர்களுக்கு

கையை இழந்த தையல்காரி இருக்கிறார். செல் சத்தத்தில் காது போன பாடகி இருக்கிறார். அவர்களிடம் போய், தாலந்தைப் புதைக்காதே என்று உவமையைக் காட்டி அதட்டுவது பாவம். அவர்கள் புதைக்கவில்லை, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. இழந்ததற்குக் கடவுள் கணக்குக் கேட்கமாட்டார். ஒரு கை போன சகோதரி ஒருவர் இப்போது வெட்டும் அளவைச் சொல்லிக் கொடுக்க, இரண்டு இளம் பெண்கள் தைக்கிறார்கள். கை போனாலும் கண்ணளவு போகவில்லை. இன்னும் சிலருக்கு அப்படி எதுவும் தோன்றாமல் இருக்கலாம். அவர்கள் இருந்தபடியே ஆண்டவருடையவர்கள்.

வகுப்பில் கேள்வி கேட்ட அந்தச் சகோதரிக்கு நான் கண்ட பதில் இதுதான். எங்கள் எஜமான் கடினமானவர் அல்ல. பயந்த காலத்தில் மண்ணில் வைத்ததை அவர் குற்றமாக எண்ணுவதில்லை. அம்மா சொன்னதுபோல மண் காத்தது, மண்ணையும் அவரே காத்தார். பயம் குறைந்த ஒரு நாளில், யாருக்காவது தேவைப்படும் ஒரு நாளில், கொஞ்சம் தோண்டிப் பார்க்கச் சொல்கிறார். துரு பிடித்திருக்கலாம். மண்ணெண்ணெயில் ஊறப்போட வேண்டியிருக்கலாம், அதற்கு இன்னொருவரின் உதவியும் தேவைப்படலாம்.

இந்த மாதம் நீங்கள் ஒன்று செய்யுங்கள். எழும்புவதற்கு முன் உங்களுக்கு என்ன செய்யத் தெரிந்திருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதில் ஒன்றை, ஒரே ஒரு தடவை, ஒருவருக்காகச் செய்யுங்கள். ஒரு பிள்ளையின் கிழிந்த பையைத் தையுங்கள். தனியாக இருக்கும் ஆச்சிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள். மாலைச் செபத்தில் ஒரு பாட்டை முழுவதுமாகப் பாடுங்கள். செய்தபின், ஆண்டவரே இது உமக்கு என்று மனதுக்குள் சொல்லுங்கள். அவர் அதை வாங்கிக்கொள்வார்.